பக்கத்து வீட்டில் அடி விழும்போது: சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குழுவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அம்மாபேட்டை, குகை பக்கம் தறி வீட்டுப் பெண்கள், சிவதாபுரத்தில் கொலுசு கோக்கிறவர்கள், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் என்று கலந்து கட்டிய கூட்டம். பெண்கள் மீதான வன்முறையைத் தெருவிலேயே தடுக்க முடியுமா என்று பார்க்கிறோம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

அது அவங்க வீட்டு விஷயம். நாம் தலையிடலாமா?

தலையிடலாம். சட்டமே இடம் கொடுக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, ஒரு வீட்டில் வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்கு (இந்தச் சட்டத்துக்காக அரசு அமர்த்திய அதிகாரி) தகவல் தரலாம். உறவாக இருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தில் சொன்ன தகவலுக்காக உங்கள் மேல் வழக்குப் போட முடியாது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். இந்திய சராசரி 29. நம் தெருவில் பத்து வீடு இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதே கணக்கெடுப்பில், நாடு முழுக்க வன்முறைக்கு ஆளானவர்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை. அவர்கள் வாய் திறக்கும்வரை காத்திருப்போம் என்றால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ராத்திரியில் சத்தம் கேட்கிறது. அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

கதவைத் தட்டி உறைமோர் கேளுங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. விசைத்தறி ஓடுகிற வீதியில் இரவெல்லாம் தடதடவென்று சத்தம் இருக்கும். அதில் ஒரு வீட்டு அலறல் அமுங்கிப் போகும். பாவு நூல் அறுந்து தறி நிற்கிற இரண்டு நிமிடத்தில்தான் பக்கத்து வீட்டுச் சத்தம் காதில் விழும். அப்படி ஒரு ராத்திரி எங்களில் ஒரு அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், "பாலைக் காய்ச்சிட்டேன், உறை ஊத்த மோர் இல்ல, ஒரு கரண்டி குடு கண்ணு" என்று கதவைத் தட்டினார். அடித்துக்கொண்டிருந்தவன்தான் கதவைத் திறந்தான். வாசலில் ஆள் நின்றால் ஓங்கிய கை இறங்கிவிடும். அவள் மோர் எடுத்து வந்து கொடுத்தபோது கிண்ணத்தைப் பிடித்த கை நடுங்கியது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. "காலையில வீட்டுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

உறைமோர் இல்லாவிட்டால் தீப்பெட்டி, போன் சார்ஜர், எதுவாகவும் இருக்கலாம். தனியாகப் போகாதீர்கள். அவன் கையில் கத்தி, கட்டை இருந்தால் கதவருகே போகவே வேண்டாம், போலீஸ் அவசர எண் 112க்குப் போடுங்கள்.

கூட்டமாகப் போய் அவனை நாலு கேள்வி கேட்டால் என்ன?

நாங்கள் கேட்டோம். ஆரம்ப வருஷத்தில், ரோஷம் மட்டும் இருந்து அனுபவம் இல்லாத காலம். முப்பது பெண்கள் ஒரு வீட்டுக்கு முன்னால் போய்க் கத்தினோம். அவன் தலை குனிந்து நின்றான். வெற்றி என்று டீ குடித்துவிட்டு வந்தோம். அன்றைக்கு ராத்திரி, "என்னை ஊர் முன்னால அசிங்கப்படுத்திட்டியே" என்று அவளுக்கு விழுந்த அடியில் மணிக்கட்டு முறிந்தது. எங்களை அழைத்தது அவள் இல்லை. அவளிடம் ஒரு வார்த்தைகூட நாங்கள் கேட்டிருக்கவில்லை. மாவுக்கட்டோடு அவளைப் பார்த்த நாளிலிருந்து ஒரே விதி: முதலில் அவளிடம் தனியாகப் பேச வேண்டும். அவள் "இப்போ வேண்டாம்" என்றால் இப்போது வேண்டாம். குழந்தைக்கு ஆபத்து, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு.

அடித்தால்தான் வன்முறையா?

இல்லை. உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என்று நான்கு வகையையும் சட்டம் சொல்கிறது. இந்தப் பக்கம் அதிகம் கண்ணில் படாதது கடைசி வகை. நாள் முழுக்க உட்கார்ந்து கொலுசு கோத்தவள் இவள். கூலி எண்ணி வாங்குவது அவன். மகளிர் குழுவில் கடன் இவள் பெயரில். பணம் போனது அவன் வண்டிக்கு. வாரத் தவணைக்கு வாசலில் வந்து நிற்கிறவர்கள் திட்டுவது இவளை. கல்யாணச் சீராக வந்த நகை கேட்காமலே அடகுக்கடையில். இதையெல்லாம் "கஷ்டம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். சட்டத்தில் இதற்குப் பெயர் வன்முறை. நகையைத் திருப்பித் தரச் சொல்லி நீதிமன்ற நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிடலாம்.

மகன் அம்மாவை அடித்தாலும், அண்ணன் தங்கையை அடித்தாலும் இதே சட்டம்தான். தாலி கட்டாமல் சேர்ந்து குடும்பம் நடத்தும் பெண்ணுக்கும் பொருந்தும். மாமியார், நாத்தனார் மேலும் மனு கொடுக்கலாம். உச்ச நீதிமன்றம் 2016இல் அதைத் தெளிவாக்கிவிட்டது.

புகார் கொடுத்தால் புருஷனை ஜெயிலில் போட்டுவிடுவார்களே? எனக்கு அது வேண்டாம், அடி நின்றால் போதும்.

பாதிப் பெண்கள் பின்வாங்குவது இந்தப் பயத்தால்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று குற்ற வழக்கு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. கணவனோ அவன் உறவினரோ கொடுமை செய்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம். இதிலும் புகார் கொடுத்த மறுநாளே கைவிலங்கு என்று நினைக்க வேண்டாம். காரணம் பதிவு செய்யாமல் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இலேயே சொல்லியிருக்கிறது.

இன்னொன்று மேலே சொன்ன 2005 சட்டம். இதில் நீங்கள் கேட்பது தண்டனை இல்லை, உத்தரவு. அடிக்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வந்து கலாட்டா செய்யக் கூடாது, வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது, மாதாமாதம் செலவுக்குத் தர வேண்டும், குழந்தை தாயிடம் இருக்கட்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அவன் குற்றவாளி: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மனுவை எழுத வக்கீல் வேண்டும் என்று கட்டாயமில்லை. கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குப் போய் மாவட்ட சமூக நல அலுவலகம், பாதுகாப்பு அலுவலர் என்று கேளுங்கள். அவரே குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார். மனு கிடைத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா விழுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேளுங்கள் என்று வற்புறுத்துகிறோம். வக்கீல் வேண்டுமானால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக அமர்த்தித் தரும். பெண் என்றால் வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். 15100 அதற்கான எண்.

ஸ்டேஷனுக்குப் போனால் "சமாதானமாப் போங்கம்மா" என்று அனுப்பிவிடுகிறார்களே?

அனுப்புகிறார்கள். ஒருமுறை ஒரு நிலையத்தில் காலை பத்து மணிக்குப் போன பெண்ணையும் எங்களையும் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் கணவனிடம் "இனிமே குடிக்காதப்பா" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். எல்லா இடமும் அப்படி இல்லை. பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் பெண் எஸ்.ஐ.க்களையும் பார்த்திருக்கிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். புகாரை எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், சி.எஸ்.ஆர். ரசீது (புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு) வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் கமிஷனருக்கு) பதிவுத் தபாலில் அனுப்பலாம். சேலம் டவுன், சூரமங்கலம், அம்மாபேட்டை என்று அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் உண்டுதான். ஆனால் எந்த நிலையமும் "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்ப முடியாது. எங்கே கொடுத்தாலும் வாங்கிப் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். தனியாக அனுப்பாதீர்கள், கூட ஒருவர் போங்கள். பேசத் தெரிந்தவர் வேண்டும் என்றில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், நடத்துகிற விதம் மாறிவிடும்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது?

நடந்ததை. "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால் அதுதான் ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) ஏறும், ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே எடுத்து நீட்டுவார். யார் அடித்தது, எதால் அடித்தது என்று சொல்லி எழுத வையுங்கள். பாலியல் வன்கொடுமை என்றால் அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுப்பது குற்றம்.

வீட்டை விட்டு வந்தால் எங்கே தங்குவது?

181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம். ஆலோசனை, மருத்துவம், போலீஸ், சட்ட உதவி எல்லாம் அங்கிருந்தே. அதற்கு மேல் தேவை என்றால் காப்பகத்துக்கு அனுப்புவார்கள்.

ஆனால் நீங்கள்தான் வெளியே வர வேண்டும் என்று யார் சொன்னது? வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் வாடகை வீடாக இருந்தாலும் அந்த வீட்டில் வசிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தேவைப்பட்டால் அவனை வெளியேறச் சொல்லியும் நடுவர் உத்தரவிடலாம்.

எதற்கும் ஒரு மஞ்சள் பையைத் தயாராக வைத்திருங்கள். ஆதார், ரேஷன் கார்டு நகல், வங்கிப் புத்தகம், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், நகை ரசீது, மலைப்பக்கம் என்றால் சாதிச் சான்றிதழ், இருநூறு ரூபாய், ஒரு மாற்றுப்புடவை. உங்கள் வீட்டில் இல்லை, நம்பிக்கையான இன்னொரு வீட்டில். குகையில் ஒரு தறிவீட்டுச் சுவர் ஆணியில் இப்போதும் இப்படி மூன்று பைகள் தொங்குகின்றன. எது யாருடையது என்று அந்த வீட்டுப் பாட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

ஏற்காட்டு மலையில் இதெல்லாம் எப்படி நடக்கும்?

கஷ்டப்பட்டுத்தான் நடக்கிறது. ஏற்காடு என்றால் ஏரியும் படகும் என்று நினைக்கிறவர்களுக்கு நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம், வெள்ளக்கடை என்று உள்ளே இருக்கும் ஊர்கள் தெரியாது. சேலத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு ஒரு மனு கொடுக்க, முதலில் ஏற்காடு வர வேண்டும், அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. மறுநாள் "எங்கே போயிட்டு வந்தே?" என்ற கேள்விக்குப் பதில் வேறு வேண்டும். ஆகவே மலையில் முதல் வேலை போன்தான்: 181. சிக்னல் கிடைக்கிற பாறை எது, மேடு எது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அந்த எண்ணைச் சொல்லித் தருகிறார்கள்.

இரண்டாவது, ஊர்ப் பஞ்சாயத்து. மலையாளிப் பழங்குடி (கேரளத்தவர் இல்லை, இந்த மலைவாசிகள்) ஊர்களில் பெரியவர்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. கீழேயிருந்து போகிற நாம் அதை ஏளனம் செய்தால் அன்றோடு கதவு மூடிவிடும். அதே சமயம், அடித்தவனுக்கு அபராதம் போட்டு அந்தப் பணத்தை ஊர்ப் பொதுவில் சேர்த்துவிட்டு, அவளை "போய்ப் பிழைச்சுக்கோ" என்று அதே வீட்டுக்கு அனுப்பும் தீர்ப்பை எங்களால் ஏற்க முடியாது. ஊர்ப் பெரியவரிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, நீங்க தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இனி அடிச்சா சாட்சி சொல்றேன்னு அவன் முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க." சில பெரியவர்கள் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் பத்துக் கூட்டத்தைவிட வலு இருந்தது. சிலர் எழுந்து போய்விட்டார்கள்.

பாலியல் வன்கொடுமை, சிறுமி மீதான குற்றம் இரண்டையும் எந்தப் பஞ்சாயத்தும் பேசி முடிக்க முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, சிறுமி மீதான குற்றத்தைத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

குடிதானே காரணம்? கடையை மூடினால் சரியாகிவிடாதா?

குடி எரிகிற தீயில் ஊற்றும் எண்ணெய், சந்தேகமே இல்லை. கடை வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானம் போடும் பெண்களோடு நாங்களும் நிற்கிறோம். ஆனால் போதையில் தெரியாமல் அடித்தேன் என்கிறவன் மேஸ்திரியை அடித்ததில்லை, கடன் கொடுத்தவனை அடித்ததில்லை. தள்ளாடிக்கொண்டே வழியில் நாலு பேருக்கு வணக்கம் வைத்துவிட்டு வந்து வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அவனுக்குக் கை நீளுகிறது. சொட்டுக்கூடத் தொடாமல் அடிக்கிறவர்களும் எங்கள் நோட்டில் இருக்கிறார்கள்.

கிராம சபையில் இதைப் பேச முடியுமா?

முடியும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. தெருவிளக்கு, பஸ் நேரம், பெண்கள் கழிப்பறை, கடை இருக்கும் இடம், எல்லாமே பெண்களின் பாதுகாப்புதான். குறிப்பிட்ட வீட்டுப் பிரச்சினையை மட்டும் அங்கே எடுக்காதீர்கள். அவள் பெயர் ஊர் வாயில் விழக் கூடாது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. தலைவி இருக்க, அவர் கணவர் மைக் பிடித்தால் "தலைவர் அம்மா பேசட்டும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வர வேண்டும். முதல் தடவை சிரிப்பார்கள்.

பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு நடக்கிறது. யாரிடம் சொல்வது?

குழந்தைகள் உதவி எண் 1098. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். பத்திரிகை அடிக்கும் முன்பே சொன்னால் நல்லது. பந்தல் போட்ட பிறகு நிறுத்தினால் அந்தப் பிள்ளை மேல்தான் வீட்டார் கோபம் பாயும். நிறுத்திய பிறகு அவள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று யாராவது ஆறு மாதமாவது பார்க்க வேண்டும்; இல்லையென்றால் வேறு ஊர்க் கோயிலில் ரகசியமாக முடித்துவிடுவார்கள்.

பெண் குழந்தையைக் கொல்லும் வழக்கம் சேலத்தில் இருந்ததாமே?

இருந்தது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் (வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்வது) சேலத்தில்தான் தொடங்கப்பட்டது, காரணம் அதுவே. அரசுத் தொட்டில் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 1989இல் தருமபுரியில் தொடங்கி 1991-92இல் சேலத்துக்கு வந்த மகளிர் சுய உதவிக் குழுக்கள். பத்து, இருபது ரூபாய் சேமிக்க ஒன்றுசேர்ந்தவர்கள், மூன்றாவதும் பெண்ணாகுமோ என்று பயந்த கர்ப்பிணி வீட்டுக்கும் போய் உட்கார்ந்தார்கள். எங்கள் குழுவின் மூத்தவர் அப்படி வந்தவர். "தொட்டில்ல போடச் சொன்னாங்க, நாங்க அவ மடியிலயே இருக்கட்டும்னு சொன்னோம்" என்பார். இன்றைக்கு ஸ்கேனில் பாலினம் சொல்வது 1994 சட்டப்படி குற்றம். ரகசியமாகச் சொல்கிறார்கள் என்று காதில் விழுந்தால் மாவட்ட சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள்.

தோட்டத்தில், பட்டறையில் மேலாளர் பாலியல் தொல்லை கொடுத்தால்?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், 2013 சட்டம். சின்னப் பட்டறை, வீட்டுவேலை, அல்லது தொல்லை கொடுப்பதே முதலாளி என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், அதை மறக்காதீர்கள்.

பொய்ப் புகார் வருவதில்லையா?

வரும். நில வழக்கிலும் வருகிறது, அதற்காக யாரும் பத்திரப்பதிவு ஆபீஸை மூடச் சொல்வதில்லை. எங்களுக்கு வரும் பிரச்சினை வேறு: உண்மைப் புகாரையே எழுத வைக்க நாலு மாதம் ஆகிறது.

ஆண்கள் சேரலாமா?

வாருங்கள். மைக் பிடிக்க வேண்டாம், நாற்காலி போடுங்கள். உங்களால்தான் முடிகிற வேலை ஒன்று இருக்கிறது. டீக்கடையில் ஒருவன் "நேத்து ரெண்டு வெச்சேன், அடங்கிட்டா" என்று சொல்லும்போது யாரும் சிரிக்காமல் இருந்தால் அவன் அடுத்த தடவை அதைச் சொல்ல மாட்டான். எங்கள் ஆட்டோத் தம்பி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே போய்விட்டாராம். "அவ்வளவுதாங்க்கா செஞ்சேன்" என்கிறார்.

இவ்வளவும் செய்தும் அவள் திரும்ப அவனிடமே போய்விட்டாள். எதற்கு இந்தப் பாடு?

போவாள். பிள்ளை பள்ளிக்கூடம், அப்பா வீட்டில் இடமில்லை, அவன் அழுது காலில் விழுந்தான், ஆயிரம் காரணம். ஒருத்தி நான்கு முறை போனாள். ஐந்தாம் முறை வந்தபோது அவளே மனுவை எழுதிக்கொண்டு வந்தாள், எங்களிடம் கேட்டது தேதி மட்டும். "நாங்க அப்பவே சொன்னோமே" என்று யாராவது முதல் தடவையே சொல்லியிருந்தால் எங்கள் வாசலுக்கு அவள் வந்திருக்க மாட்டாள்.

நவம்பர் 25 அன்று கூட்டம் போடுகிறீர்களே, அது என்ன நாள்?

டொமினிகன் குடியரசில் சர்வாதிகார ஆட்சியை எதிர்த்த மிராபால் சகோதரிகள் மூவர் 1960இல் அந்த நாளில் கொல்லப்பட்டார்கள். 1999இல் ஐ.நா. அதைப் பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்கும் நாளாக அறிவித்தது. அங்கிருந்து டிசம்பர் 10 மனித உரிமை நாள் வரை பதினாறு நாள் உலகம் முழுக்க இயக்கம் நடக்கும். எங்கள் மலைக்கு அது காப்பிப் பழம் பறிக்கிற காலம். பகலில் யாரும் வர மாட்டார்கள். எனவே அங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும், அல்லது வேலை முடிந்த பிறகு.

கூட்டத்துக்கு வர என்ன வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். சந்தா இல்லை, படிவம் இல்லை. குழந்தையைக் கூட்டி வரலாம், பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவது என்று தெரியாவிட்டால் "குழுப் பணம் கட்டப் போறேன்" என்று சொல்லுங்கள், பெரும்பாலோர் அப்படித்தான் வருகிறார்கள். மலைக் கூட்டம் முடிய இருட்டிவிடும். காட்டெருமை நடமாட்டம் இருப்பதால் டார்ச் எடுத்து வாருங்கள். திரும்பும்போது யாரும் தனியாகப் போக வேண்டாம்.